வத்தல் டின்னில் இருந்த மாதா

கல்யாணம் முடிந்து திருத்தங்கலுக்கு வந்தபோது, என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில், இரண்டு உள்பாவாடைகளுக்குள் சுற்றி ஒரு மாதா சொரூபம் வைத்திருந்தேன். ஒரு சாண் உயரம். பிளாஸ்டர் மாவில் வார்த்தது. அம்மா வேளாங்கண்ணிக்குப் போனபோது வாங்கி வந்தது. மூக்கு நுனி கிடையாது. உடைத்தவள் நான்தான். ஆறாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் என்னைக் கைவிட்டதற்குத் தண்டனையாக மாதாவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். திருப்பிய வேகத்தில் அலமாரியிலிருந்து விழுந்துவிட்டாள். அம்மா என் முதுகில் நாலு வைத்துவிட்டு, உடைந்த மூக்கைத் தேடி வீடு முழுக்கக் கூட்டினாள். கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்த மாதாவுக்கும் ஒரு பழக்கம். பக்தி என்று சொல்ல மாட்டேன். ஒரே நாளில் அடிபட்ட இரண்டு பேருக்கு இடையில் வருவது.

ஒளித்துக் கொண்டுபோகக் காரணம் இருந்தது. நாங்கள் விருதுநகரில் ஆர்.சி. எங்களுக்குச் சொரூபம், மெழுகுவர்த்தி, செபமாலை, சப்பரம் எல்லாம் உண்டு. என் கணவர் வீடு பெந்தெகொஸ்தே சபை. அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு சிலுவைகூட இருக்காது. நாங்கள் செபம் என்போம், அவர்கள் ஜெபம் என்பார்கள். நாங்கள் குனிந்து முணுமுணுப்போம், அவர்கள் கையைத் தூக்கித் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்கள்.

நானும் அவரும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டரில் டிசைன், அவர் ஆப்செட் மெஷின். கல்யாணத்துக்கு மாமியார் போட்ட ஒரே நிபந்தனை முழுக்கு ஞானஸ்நானம். குழந்தையில் என் தலையில் ஊற்றிய தண்ணீர் செல்லாது என்று சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே ஒரு பம்புசெட் தொட்டியில் பாஸ்டர் என்னைப் பின்பக்கமாகச் சாய்த்து முக்கி எடுத்தார். மூன்று நாள் வலது காதில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் சரி என்றவள் அந்தச் சொரூபத்தை மட்டும் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

புகுந்த வீட்டில் ஒளிக்கக் கிடைத்த ஒரே இடம் சமையலறை. அப்பா விருதுநகரில் வத்தல் கமிஷன் கடையில் இருந்தவர். கல்யாணச் சீரோடு ஒரு தகர டின் நிறைய மிளகாய் வத்தலும் அனுப்பியிருந்தார். அதில் பாதியை எடுத்துவிட்டு, மாதாவை உள்ளே நிற்கவைத்து, சுற்றிலும் வத்தலைப் போட்டு மூடினேன். காலையில் மாமியார் குளிக்கப் போகும் நேரத்தில் டின்னைத் திறப்பேன். கழுத்து வரைக்கும் வத்தலில் புதைந்து மாதா என்னைப் பார்ப்பாள். ஐந்து நிமிடம் செபம். நெடி தாங்காது. எட்டு மாதத்தில் ஒரு மங்கள வார்த்தை செபத்தைக்கூட நான் தும்மாமல் சொல்லி முடித்ததில்லை.

"ஏத்தா, விடிஞ்சதும் விடியாததுமா ஏன் இப்படித் தும்முற?" என்று குளியலறைக்குள்ளிருந்து மாமியார் கேட்பார். கடைசியில் என் மூக்குக்காகச் சபையில் ஒரு விசேஷ ஜெபத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார். பாஸ்டர் என் மூக்கில் எண்ணெய் பூசி, தும்மலின் ஆவியைக் கடிந்துகொண்டார். அந்த எண்ணெயிலும் தும்மல் வந்தது.

பகலெல்லாம் அச்சகத்தில் காலண்டர் சீசன். முருகன் கன்னத்துக்கு ரோஸ் ஏற்றுவது, லட்சுமியின் கையில் நாணயம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது எல்லாம் என் வேலை. நான் முடித்துக் கொடுத்த சாமிகளை என் கணவர் மெஷினில் கட்டுக்கட்டாக அடித்துத் தள்ளுவார். இது மட்டும் விக்கிரகம் இல்லையா என்று ஒருநாள் மாமியாரிடம் கேட்டேன்.

"அது வயித்துப் பொளப்பு. அங்கன அடிக்கையில அது வெறும் மை. வீட்டுக்குக் கொண்டாந்து கும்புட்டாத்தான் விக்கிரகம்" என்றார்.

அந்த வருடம் எங்கள் சபையும் காலண்டர் ஆர்டர் கொடுத்தது. பாஸ்டர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேகம் போடச் சொன்னார், புறா போடச் சொன்னார். நடுவில் இயேசு படம் வைக்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சகோதரி. படம் போட்டா சனங்க அதையே கும்புட ஆரம்பிச்சிருவாங்க" என்றார்.

நடுவில் அவரும் அவர் மனைவியும் நிற்கும் போட்டோவை வைத்தோம். தாடைக்குக் கீழே கொஞ்சம் சரிபண்ணச் சொன்னார். இரண்டாவது தாடையை எடுத்தேன். முகத்தை வெளுப்பாக்கினேன். "இன்னும் ரெண்டு பாயிண்டு ஏத்துங்க" என்றார். அச்சாகி வந்த காலண்டர் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாமியார் முழங்கால் போடும் இடத்துக்கு நேர் எதிரே ஏறியது. அங்கேதான் ஃபேன் காற்று நன்றாக வரும் என்பதால் அவர் எப்போதும் அங்கேதான் முழங்கால் போடுவார்.

எட்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை எனக்கு லீவு. பின்வாசலில் தலை காயவைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் சாம்பார்ப் பொடிக்கு வத்தல் எடுக்கப் போனவர் வெகுநேரம் சத்தமே காட்டவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மூடி மடியில் இருக்கிறது.

"இது யாரு?"

"மாதா, அத்தை."

"அது தெரியுது. வத்தலுக்குள்ள என்ன செய்றாக?"

"சும்மாதான் இருக்காங்க."

"எம்புட்டு நாளா?"

"கல்யாணத்துல இருந்து."

டின்னுக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். "கண்ணுல நெடி ஏறாதா" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. விருட்டென்று எழுந்து, இயேசுவின் ரத்தம் ஜெயம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, பாஸ்டருக்குப் போன் போட்டார்.

பாஸ்டர் அரை மணி நேரத்தில் பைக்கில் வந்தார். மெஷினை நிறுத்திவிட்டு என் கணவரும் வந்தார். மாதாவைக் கூடத்தில் ஒரு செய்தித்தாள்மேல் நிறுத்தியிருந்தோம். முக்காட்டு மடிப்பில் ஒரு வத்தல் காம்பு ஒட்டியிருந்தது. பாஸ்டர் வேதத்தைத் திறந்து, பொன்கன்றுக்குட்டியை வணங்கியவர்கள் கதையில் ஆரம்பித்து ஒரு சுற்று வந்தார். மாமியார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் சொன்னார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இந்த மாவைக் கும்பிடலை, பாஸ்டர். இதைப் பார்த்தா அவங்க ஞாபகம் வருது, அவ்வளவுதான்" என்றேன்.

"எல்லா விக்கிரகமும் அப்படித்தான் சகோதரி உள்ள வரும். ஞாபகம்னுதான் சொல்லிக்கிட்டு வரும்."

"அப்ப உங்க படம்?"

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். மேகத்துக்கு நடுவில், ஒரே தாடையோடு பாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது தேதி பாக்க" என்றார் பாஸ்டர்.

"தேதி கீழே கட்டம் கட்டமா இருக்கு. அதுக்கு மேல முக்கால்வாசி நீங்கதான் இருக்கீங்க. அத்தை தினமும் அதுக்கு நேரா முழங்கால் போடுறாங்க."

"ஏ, வாய மூடு" என்றார் என் கணவர். ஆனால் அவர் உதடு ஓரம் துடித்ததை நான் பார்த்தேன்.

பாஸ்டர் கோபப்படவில்லை. அதற்காக அவரை மெச்ச வேண்டும். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து நிலைக்கதவில் பூசினார். பிறகு, "இத ஒடச்சிருங்க. வீட்டு ஆம்பள கையால ஒடைக்கணும்" என்றார்.

மாமியார் சுத்தியலைக் கொண்டுவந்தார். என் கணவர் வாங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் உருளைக்குள் தைரியமாகக் கையை விடுகிறவர். சுத்தியலை ஓங்கினார். மூக்கில்லாத முகம் அண்ணாந்து அவரைப் பார்த்தது. ஓங்கிய கையை இறக்கி, சுத்தியலின் கைப்பிடி ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை.

"பாஸ்டர், நீங்களே ஒரு போடு போட்டுருங்க."

"வீட்டுக்காரங்க விசுவாசத்துல செய்யணும் தம்பி. நா செஞ்சா அது என் விசுவாசமாப் போயிரும்."

"எம்மா, நீ?"

"எனக்குத் தோள்பட்ட வலி" என்றார் மாமியார். தோள்பட்டை வலி என்று அதற்கு முன்பும் பின்பும் நான் கேள்விப்பட்டதில்லை.

அது வெறும் மாவு, அதில் ஒன்றுமே இல்லை என்று கூடத்தில் இருந்த மூன்று பேரும் ஆண்டவர் மேல் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். அதைத் தொடத்தான் ஆளில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். இருந்தாலும் அந்த நிமிடத்தில் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"சரி, தண்ணியில போட்டாலும் போதும்" என்று பாஸ்டர் இறங்கி வந்தார்.

"கண்மாயில ஏது தண்ணி? கருவேலந்தான் நிக்குது. கிணத்துக்குக் கம்பி வலை போட்டாச்சு" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் அது இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு பாஸ்டர் கிளம்பினார். என் கணவரும் மெஷினில் லோடு நிற்கிறது என்று அவர் பின்னாலேயே போனார்.

நானும் மாமியாரும் மட்டும் இருந்தோம். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வத்தலை முறத்தில் கொட்டிக் காம்பு கிள்ள ஆரம்பித்தார். நானும் எதிரே உட்கார்ந்து கிள்ளினேன்.

"நா கல்யாணமாகி வந்த புதுசுல இந்த வீட்டுல காளியாத்தா படம் இருந்துச்சு" என்றார். "எங்க வீட்டுச் சாமி. நா ரெட்சிக்கப்பட்டு சபைக்கு வந்தப்ப, அப்ப இருந்த பாஸ்டர் கிணத்துல போடச் சொன்னாரு. நாந்தேன் போட்டேன். கண்ணாடிச் சட்டம். முங்காம மெதந்துச்சு. என்னையவே பாத்துக்கிட்டு மெதந்துச்சு. ஒரு கல்லத் தூக்கி மேல போட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு மாசம் காய்ச்சல். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா காளி அடிச்சிட்டான்னு சொல்லுவாக. அது மலேரியா." காம்பைக் கிள்ளிப் போட்டார். "மலேரியாதான். ஆனா இன்னொரு மட்டம் என்னால முடியாதுத்தா."

அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் இருந்தன.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் வேலை பார்த்தார். காலை வேனில் போனால் மாலைதான் வருவார். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். வீட்டுச் சாவியை எங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். வியாழக்கிழமை மாலை மருந்துத் தூள் ஒட்டிய கையோடு வந்து நின்றார்.

"மதினி, அந்தம்மா ஒங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்க. இருக்கவுகளோட ஒரு ஓரமா இருந்துட்டுப் போறாக."

மாமியார் உள்ளே போனார். சொரூபத்தைத் தன் பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். அப்போதும் வெறுங்கையால் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் பாஸ்டர் மாமியாரிடம் கேட்டார்.

"ஒடச்சிட்டீங்களாம்மா?"

"வீட்டுல இல்ல பாஸ்டர்."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்கப்புறம் வேலை விட்டு வந்ததும் நான் அக்கா வீட்டுக்குப் போவேன், உப்புக் கேட்கிற மாதிரி. முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரியில் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் நடுவில் மாதா நிற்கிறாள். நெற்றியில் மஞ்சள், நடுவில் குங்குமம். தலையில் கனகாம்பரம். முன்னால் ஒரு கிண்ணத்தில் சர்க்கரை.

"அக்கா, இப்படியெல்லாம் செய்யக் கூடாது. இது விக்கிரக ஆராதனை" என்று என் வாயிலிருந்தே வந்தது. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். பாஸ்டர் குரல் என் தொண்டையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"வெறும் நெத்தியோட எப்படிம்மா விடுறது? கட்டுக்களுத்தி, புருசன் இருக்கவுக" என்றார் அக்கா.

நான் முந்தானையால் குங்குமத்தைத் துடைப்பேன். மறுநாள் போனால் முந்தையதைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு மாதம் இப்படியே நடந்தது. பிறகு நான் விட்டுவிட்டேன். தினமும் காலையில் வேன் ஹாரன் அடிப்பதற்கு முன்னால் அக்கா அலமாரியின் முன்னால் நின்று ஒரே ஒரு வரி சொல்வார் என்பது தெரிந்த பிறகு விட்டேன். "கை கால் முளுசா திரும்பி வரணும்." மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வரி. நான் செபத்தில் மாமியாரைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தவள். அவர் கேட்டதற்கு முன்னால் நான் கேட்டதையெல்லாம் வெளியே சொல்ல முடியாது.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அச்சகத்தில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து. எந்தக் கம்பெனி என்று இல்லை. புகை மட்டும் ஒரு வீடியோவில் தெரிந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். வேலையிடத்துக்குள் போனை விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது அடித்துக்கொண்டே இருந்தது. நானும் என் கணவரும் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் வீடு திறந்து கிடந்தது, மாமியார் இல்லை. அக்கா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. வேன் டிரைவர் நம்பரை அக்கா அலமாரிப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் மாமியார் உள்ளே போயிருக்கிறார். வாசலுக்கு வரும்போதே அவர் ஜெபச் சத்தம் கேட்டது. இரண்டு கையும் மேலே, கண் மூடி, அலமாரிக்கு நேராக நிற்கிறார். ஆண்டவரே, அப்பா, தகப்பனே என்று அழுகிறார். நடுவில், ஆவி இறங்கினால் சபையில் பேசும் அந்நிய பாஷை வருகிறது, திரும்பத் தமிழுக்கு வருகிறது. நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

ஆமென் சொல்லி முடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அலமாரியைப் பார்த்து, அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற குரலில், "நீங்களும் சும்மா நிக்காம அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க மகன்தான" என்றார்.

என் கணவர் இருமினார். மாமியார் திரும்பினார்.

"கண்ண மூடித்தான் இருந்தேன். எதுக்கு நேரா நின்னேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க இப்பத்தாம்மா வந்தோம்" என்றார் என் கணவர்.

டிரைவர் போனை எடுக்கவில்லை. ஐந்தரை மணிக்குமேல் தெருமுனையில் வேன் வந்து நின்றது. அக்கா இறங்கினார். முகமெல்லாம் வெள்ளித் தூள், கண் மட்டும் சிவந்திருந்தது. வெடித்தது இரண்டு கம்பெனி தள்ளி. போலீஸ் வந்து ரோட்டை மறித்து எல்லோரையும் காட்டுக்குள் உட்காரவைத்துவிட்டார்கள், கேட்டில் கொடுத்த போனை எடுக்க வழியில்லை என்றார். அந்தக் கம்பெனியில் அக்காவுக்குத் தெரிந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி போன மாதம்வரை இதே வேனில் வந்தவள்.

"கூறுகெட்டவளே, வேற வேலையே கெடைக்கலயா ஒனக்கு" என்று மாமியார் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். பிறகு கட்டிக்கொண்டார். வெள்ளித் தூள் மாமியாரின் வெள்ளைச் சேலை முழுக்க ஒட்டியது. அந்த நிம்மதியோடு ஒரு வெட்கமும் எனக்கு இருந்தது. நாங்கள் கேட்ட செபம் கேட்கப்பட்டது என்றால், செத்துப்போன அந்த இரண்டு பேர் வீட்டிலும் யாரும் கேட்காமலா இருந்திருப்பார்கள்? மாமியாரிடம் இதைக் கேட்டேன். "பேசாம இரு" என்றார். பாஸ்டரிடம் கேட்டேன். ஒரு வசனம் சொன்னார். அக்காவிடம் கேட்கவே இல்லை. பத்து நாள் கழித்து அவர் திரும்ப வேனில் ஏறினார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கணவருக்கு விருதுநகரில் வேறு அச்சகத்தில் வேலை கிடைத்தது. மாமியார் சபையை விட்டு வரமாட்டேன் என்று திருத்தங்கலிலேயே இருந்துகொண்டார். சாமான் கட்டும்போது அக்கா வீட்டுக்குப் போய் மாதாவைக் கேட்டேன்.

"நீயா குடுத்த? ஒங்க மாமியா குடுத்தாக. அவுக வந்து கேக்கட்டும், தாரேன்" என்றார்.

மாமியாரிடம் வந்து சொன்னேன்.

"நா போயி மாதாவக் குடுன்னு கேக்கவா? எம் வாயால?" என்றார். அடுக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அவ வேன்ல போறவ. அங்கனயே இருக்கட்டும். நீ பஸ்ல போறவதான, ஒனக்கென்ன."

சண்டை போடலாம் என்று நினைத்தேன். எனக்குச் சொந்தமான பொருள், அம்மா கொடுத்தது. ஆனால் அக்கா அன்றைக்குத்தான் அலமாரிக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார். விட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அப்புறம் குறைந்துவிட்டது.

விருதுநகரில் எந்த மாதா கோயிலுக்குப் போகிறாய் என்று அம்மா கேட்கிறாள். எந்தச் சபையில் சேர்ந்தாய் என்று மாமியார் போனில் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரைக்கும் தூங்குகிறேன் என்று இரண்டு பேரிடமும் உண்மையைத்தான் சொல்கிறேன். இரண்டு பேருமே நம்புவதில்லை. எதிர்ப் பக்கத்துக்குத்தான் ரகசியமாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.